கரண்ட் போன நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரைதான் படித்தேன். கொழுந்து கிள்ளிப் பழகின கை, பேனா பிடித்தால் கோணிக்கொண்டு போகிறது. ஞாபகமும் முன்னைப்போல் இல்லை. ஒன்று சொல்ல வந்தால் இன்னொன்று முந்திக்கொள்கிறது. நம் வாசகசாலை மலருக்கு எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்களும் மலையிறங்கிப் போய் வந்ததை எழுதுங்கள் அத்தை என்று என் தம்பி மகள் சுகந்தி பேப்பரைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டாள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள் நான். ஊரே படிக்கிற மலரில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

போன காரியம் சுகந்தியின் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளைக்கு ராஜபாளையம். தம்பி சம்சாரத்தின் வழியில் தூரத்துச் சொந்தம். அவர்கள் மூணாறு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சுகந்திக்கும் பையனைப் பிடித்துத்தான் இருந்தது. அடுத்து நம் பக்கத்து ஆள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து வர வேண்டும். ஆனி மாதம் கொழுந்து கொட்டுகிற நேரம். தம்பிக்கும் அவன் சம்சாரத்துக்கும் லீவு கிடைக்கவில்லை. வேலையிலிருந்து ஓய்ந்து வீட்டில் இருக்கிறவள் நான் ஒருத்திதான். "அக்கா, நீ பாத்துச் சரின்னா சரி" என்று தம்பி சொல்லிவிட்டான். அந்த ஒரு வார்த்தைதான் வழியெல்லாம் நெஞ்சில் கனத்தது.

மாப்பிள்ளை வீட்டார் பேரை எழுதவில்லை. மற்றதை அவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போன வழியையும் விட்டுவிடுகிறேன். மலையிலேயே பிறந்தும் எனக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. பாதி வழி கண்ணை மூடிக்கொண்டுதான் வந்தேன்.

முதல் நாள் சேத்தூரில் என் சித்தி மகள் வீட்டில் இறங்கினேன். ராஜபாளையத்துக்குக் கொஞ்சம் தெற்கே இருக்கிற விவசாய ஊர். மேற்கே மலை, அந்தப் பக்கமிருந்து சாரல் தூவிக்கொண்டே இருந்தது. தங்கச்சி மில்லுக்கு வேலைக்குப் போகிறவள். ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு பை நிறையச் சப்பட்டை மாம்பழம் வாங்கி வந்தாள். தட்டையான பழம், தோல் மெல்லிசு, கடித்தால் சாறு முழங்கை வரை வழிகிறது. நம் ஊருக்கு வருகிற மாம்பழமெல்லாம் மலையேறின களைப்பில் சுருங்கிப் போய்த்தானே வரும். நான் வெட்கத்தை விட்டு மூன்று தின்றேன்.

"இங்கயே வயித்தை ரொப்பிக்கோ அக்கா. நாளைக்கு அங்க கை நனைக்க முடியாதுல்லா" என்றாள் தங்கச்சி.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள், சம்பந்தம் முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் சோறு சாப்பிடக் கூடாது. காபி, தண்ணீர் பரவாயில்லை. இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு வேண்டாம் என்று சொல்வது பெரிய அவமானம்.

மறுநாள் தங்கச்சி மில்லுக்குப் போகிற வழியில் என்னை அந்த வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனாள். ராஜபாளையத்தில் புதுசாக வீடுகள் வந்திருக்கிற தெரு. கேட்டைத் தட்டலாமா என்று கையை ஓங்கினேன், அது தானாகவே நகர்ந்து திறந்தது. உள்ளே தரை கண்ணாடி மாதிரி. என் வெடித்த பாதம் அதில் தெரிந்ததும் விரலை மடக்கிக்கொண்டேன். நாற்காலியில் உட்காரப் போன நேரத்தில் தலைக்கு மேலே ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது.

"மகேசு, யாரு வந்திருக்கா?"

அண்ணாந்து பார்த்தேன். யாரும் இல்லை. நான் பயந்துபோய்க் கூரையைப் பார்த்துக் கும்பிட்டு, "நான்தாங்க, மூணாறு" என்றேன்.

மூத்த மருமகள் மகேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தாள். "கேமரா பெரியம்மா. அவிய பட்டறையில இருந்து பேசுதாவ" என்றாள். அந்த வீட்டு ஆண்கள் காயத்துக்குக் கட்டுகிற துணி நெய்கிற தறிப் பட்டறை வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அண்ணன், மகேஸ்வரியின் புருசன், அந்தப் பெரியவன் அங்கே உட்கார்ந்துகொண்டே வீட்டைப் போனில் பார்க்கிறானாம். முற்றத்தில், கூடத்தில், சமையலறையில், மாடிப்படியில், எல்லா இடத்திலும் ஒரு கண் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாவைச் சம்பந்தியம்மா என்றே எழுதுகிறேன். சம்பந்தம் இன்னும் ஆகவில்லை, ஆனாலும் வேறு எப்படி எழுத? என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். கலகலப்பான ஆள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். விரலால் தொட்டாலே பற்றிக்கொள்கிற கரண்ட் அடுப்பு. துணியைத் துவைத்து உலர்த்தியும் தருகிற மிஷின். கார் நிற்கிற அறைக்குப் பட்டனை அழுத்தினால் ஏறி இறங்குகிற ஷட்டர்.

"எம் பெரிய மகன் எல்லாத்தையும் மாடர்னா வச்சிருக்கான் அக்கா. கடை கண்ணின்னு எங்களை அலைய விடமாட்டான். வேணுங்கிறதைப் போன்ல சொன்னா வாசலுக்கே வந்துரும்."

"கோயிலுக்கு?" என்று கேட்டேன்.

"கார் இருக்குல்லா. அவனுக்கு ஓய்வு இருக்கன்னைக்கிப் போவோம்."

குறை காண நான் போகவில்லை. அந்தக் குளியலறையைப் பார்த்தபோது, சுகந்தி இப்படி ஒரு இடத்தில் வெந்நீரில் குளிக்கட்டுமே என்றுதான் ஆசைப்பட்டேன். ஆனால் நடுவில் மகேஸ்வரி பூக்காரியைப் பார்த்து வாசல் வரை போனாள். உடனே கூரை பேசியது. "மகேசு, எதுக்கு வெளிய நிக்க?" பூவை வாங்காமலே அவள் உள்ளே வந்துவிட்டாள். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது.

எனக்கு நம் லயத்து வரிசை வீடு ஞாபகம் வந்தது. போன வருசம் டூரிஸ்ட்காரர்கள் போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று முன் சுவருக்கு மட்டும் பச்சையும் மஞ்சளும் அடித்தார்களே. உள்ளே கூரை ஒழுகிக்கொண்டுதானே இருக்கிறது. நான் குமரியாக இருந்தபோது எங்களை வேலை வாங்குகிற கங்காணியிடம் சொல்லாமல் டவுனுக்குப் போக முடியாது. எங்கே, எதுக்கு, எப்போ வருவே என்று கேட்பார். அந்தக் கேள்வியை இத்தனை வருசம் கழித்து ஒரு புது வீட்டின் கூரையிலிருந்து கேட்டேன்.

காபி ஆற்றிக் கொடுக்கும்போது மகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "சுகந்தி மலையில ஸ்கூட்டர் ஓட்டித்தான் வேலைக்குப் போகுதாமே, நெசமா?"

"ஆமாம்மா. ஒரு கடையில கணக்கு எழுதுறா."

"எங்கிட்டயும் லைசென்ஸ் இருக்கு பெரியம்மா" என்றாள். 

செத்த நேரத்தில் மாப்பிள்ளைப் பையன் வந்தான். அதிகம் பேசாதவன், என்னை மாதிரி. "இந்த மழையில சுகந்தி வண்டி ஓட்டுதாளே, வழுக்காதா பெரியம்மா?" என்று கேட்டான். பழகினவளுக்கு வழுக்காது என்றேன். அக்கறையில் கேட்டானா, இல்லை நாளைக்கு நிறுத்தச் சொல்வதற்கு இப்பவே அடி போடுகிறானா? அது எனக்குப் பிடிபடவில்லை. அதுதான் அன்றைக்கு முழுக்க என்னைத் தின்றது.

இலை போட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சம்பந்தியம்மா புரிந்துகொண்டார். "சரி, நாளைக்கு உங்களை ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கார்ல கூட்டிட்டுப் போறேன். நாச்சியாரைக் கும்பிட்டுட்டு வந்து மனசைச் சொல்லுங்க" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அந்தத் தெருவுக்குப் போனால், வேறு தெருவுக்கு வந்துவிட்டேனோ என்று சந்தேகமாகிவிட்டது. முந்தின நாள் ஒரு ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டு பேர் எதிரும் புதிருமாக நின்று ஒருத்திக்கு ஒருத்தி மருதாணி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு மாசக் கரண்ட் கட்டு அக்கா" என்றார் சம்பந்தியம்மா. மாதம் ஒரு நாள் ரிப்பேர் வேலைக்காக மின்சாரத்தை நிறுத்துவார்களாம், மத்தியானம் தாண்டித்தான் வருமாம். அவர்கள் வீட்டு இன்வெர்ட்டர் பழசு, கொஞ்ச நேரத்திலேயே ஓய்ந்துவிட்டது. கூரையில் இருந்த கண்ணெல்லாம் அவிந்து கிடந்தது.

ஆனால் ஒரு தொல்லை. ஷட்டர் ஏறவில்லை. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. கையால் சுற்றித் திறக்க ஒரு இரும்புப் பிடி உண்டாம், அதைப் பெரியவன் எங்கே வைத்தான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. வரச் சொல்லியிருந்த டிரைவர் ஷட்டரை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "உள்ள இருக்க கார் நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் தயங்கித் தயங்கி, "நான் பஸ்ல போயிட்டு வந்துடுறேன்" என்றேன்.

"வீடு பாக்க வந்தவளைத் தனியா பஸ்ல அனுப்பினேன்னு ஊரு என்னைச் சிரிக்கவா?" என்று கேட்டுவிட்டு, அவரும் செருப்பை மாட்டிக்கொண்டார். கேட்டைக் கையால் தள்ளினார். லேசாக நகர்ந்தது. "இத்தனை நாளும் தள்ளிப் பாத்ததே இல்ல, பாருங்களேன்" என்றார். மகேஸ்வரி, "போயிட்டு வாங்க அத்தை, வீட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்று எங்களை அவசரப்படுத்தினாள்.

டவுன் பஸ் வந்தது. உள்ளே நிறையப் பெண்கள்தான். சம்பந்தியம்மா ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினார்.

கண்டக்டர் தாளையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். "இம்புட்டுப் பெரிய நோட்டை வச்சு என்னத்தை வாங்கப் போறீக ஆச்சி, பஸ்ஸையா? பொம்பளைகளுக்கு டிக்கெட் ஓசி. இது தெரியாம எந்த ஊர்ல இருந்தீக?"

"இந்த ஊர்லதாம்ப்பா" என்றார் சம்பந்தியம்மா. பஸ்ஸே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

எனக்கு மட்டும் உறுத்தல். நாம் வேறு மாநிலம். இது இந்த ஊர்ப் பெண்களுக்குக் கொடுக்கிறதாச்சே. கண்டக்டர் என் பக்கம் வந்ததும் மெல்ல, "ஐயா, நான் மூணாறு. கேரளா" என்றேன்.

"பொம்பளைதானே?"

"ஆமா."

"அப்போ உக்காருங்க" என்று சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கார்டு கேட்கவில்லை. எங்கே போகிறேன் என்பதற்கு மேல் எதுக்கு என்று ஒரு கேள்வி இல்லை. நான் அந்தச் சீட்டைப் பத்திரமாக முந்தியில் முடிந்துகொண்டேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். வ. புதுப்பட்டிக்காரர், தோட்ட வேலை செய்கிறவர். சம்பந்தியம்மா பேச்சுக் கொடுத்தார். "எங்க போயிட்டு வாரீக?"

"ராஜபாளையம் வந்தேன்."

"ஆஸ்பத்திரிக்கா? விசேசமா?"

"இல்லக்கா. சும்மா."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். கூட வேலை பாத்த ஒருத்தி இங்க வாக்கப்பட்டிருக்கா. அவளோட உக்காந்து ஒரு டீயைக் குடிச்சு, நாலு பேரை வஞ்சிட்டு வாரேன். முன்னெல்லாம் பஸ்ஸுக்கு அந்த மனுசங்கிட்டக் கேக்கணும். கேட்டா எங்க, எதுக்குன்னு பதில் சொல்லணும். இப்பக் கேக்கதும் இல்ல, சொல்லதும் இல்ல. போன வாரம் திருவண்ணாமலைக்குப் போனேன். அதுவும் சும்மாதான்." இது வடக்கே இருக்கிற திருவண்ணாமலை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் குன்றின் மேல் பெருமாள் இருக்கிற ஊர்.

"கெட்டுப் போயிர மாட்டோமா?" என்று சம்பந்தியம்மா விளையாட்டாகக் கேட்டார்.

"கெடுதவ வீட்டுக்குள்ள இருந்தே கெடுவா" என்று அந்த அம்மாள் சொன்னதும் முன் சீட்டில் இருந்த மில்லுக்காரப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சம்பந்தியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு வயலையும் தென்னையையும் பார்த்தபடியே வந்தார். வாய்க்குள் ஒரு தடவை "சும்மா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அந்தப் பஸ்ஸில் மினுக்கம் எதுவும் இல்லை. ஜன்னல் கிலுகிலுக்கிறது, சீட்டுக் கிழிந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருந்த விதம் இருக்கிறதே, அது புதுசு. என் வயசில் நான் பார்க்காதது. படித்தவர்கள் மாடர்ன் மாடர்ன் என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கோபுரம் தூரத்திலேயே தெரிந்தது. ஆனால் நாங்கள் போய்ச் சேர்வதற்கும் நடை சாத்துவதற்கும் சரியாக இருந்தது. இனிச் சாயங்காலம்தான் திறப்பார்கள். திரும்பிவிடலாமா என்று நான் கேட்டேன். சம்பந்தியம்மா தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"தொறக்க வரைக்கும் இருந்துட்டே போவோமே" என்றார்.

பால்கோவாக் கடையில் ஆளுக்கு ஒரு இலைத் துண்டில் சுடச்சுட வாங்கினோம். விறகடுப்பில் பால் சுண்டின வாசம் தெருவையே நிறைத்திருந்தது. நம் ஊர்க் கடைகளில் டப்பாவில் வருவது இதற்குப் பேரன் முறைகூட ஆகாது. வாங்கிய பிறகுதான் எனக்குச் சுருக்கென்றது. அவர் கையால் கொடுத்ததைத் தின்றால் கை நனைத்ததாகிவிடுமா?

"அட அக்கா, தின்னுங்க. இது எங்க வீடும் இல்ல, இலைச் சோறும் இல்ல. கையும் நனையல, வெரல்தான் ஒட்டுது" என்றார் அவர். சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. முதல் தடவையாக அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டேன்.

கோயில் மதில் நிழலில் உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. பெரியவன். சம்பந்தியம்மா தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கரண்ட் வந்து கேமரா உயிர்த்ததும் அம்மாவைக் காணோம் என்று தேடியிருக்கிறான். நான் போனை அவரிடம் கொடுத்தேன். அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"பஸ்லயா? யாரைக் கேட்டுப் போனீக?"

"யாரையும் கேக்கலய்யா. சும்மா வந்தேன்."

"சும்மாவா? அங்கனயே நில்லுங்க, காரோட வாரேன்."

பிறகு போன் கை மாறியது. மாப்பிள்ளைப் பையன்.  எனக்கு வேண்டிய பதில் இப்போது இந்தப் பையன் வாயில்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

"அம்மா, நடை சாயங்காலந்தானே தொறப்பாங்க? இருந்து கும்பிட்டே வாங்க. கார் வேணுமா?"

"வேண்டாம்ப்பா."

"வேண்டாம்னா பஸ்லயே வாங்க. வரும்போது எனக்குப் பால்கோவா."

அவ்வளவுதான். வைத்துவிட்டான். கார் வரவில்லை. நாங்கள் சாயங்காலம் கும்பிட்டுவிட்டு, கூட்டத்தில் தொங்கிக்கொண்டே திரும்பினோம். நல்ல பதில்தான். ஆனாலும் எனக்கு மனசு முழுக்க ஆறவில்லை. போனில் ஒரு நல்ல வார்த்தை சொல்வது லேசு. ஒரே கூரைக்குக் கீழே அண்ணனுக்கு எதிரே தினமும் அதைச் சொல்ல வேண்டுமே.

வீட்டு வாசலில் பெரியவன் நின்றுகொண்டிருந்தான். கேட் திறந்தே கிடந்தது. மகேஸ்வரி தெருவில் நின்று பூ வாங்கிக்கொண்டிருந்தாள், உள்ளே போகவில்லை.

"இந்தத் தெருவுல வச்சுத்தான் ஒருத்தன் அம்மா கழுத்துச் சங்கிலியை அத்துட்டுப் போனான் பெரியம்மா. அதுக்குப் பொறவுதான் இதெல்லாம் மாட்டினேன். ஆசைக்கா மாட்டினேன்?" என்று பெரியவன் என்னிடம் சொன்னான்.  கெட்டவன் இல்லை. பயந்தவன்.

சம்பந்தியம்மா கழுத்தைத் தடவிக்கொண்டார். "அன்னைக்குப் பயந்தேன், இல்லேங்கல. அது ஒரு நாள்ய்யா. அந்த ஒரு நாளுக்காக மத்த நாளையெல்லாம் பூட்டி வச்சிட்டியே."

பெரியவன் வழி விட்டு ஒதுங்கினான். உள்ளே இலை போட்டிருந்தார்கள். நாட்டுக்கோழிக் குழம்பின் வாசம். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உட்கார்ந்தால் சம்மதம், உட்காராவிட்டால் இல்லை. தம்பி சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. நான் பார்த்துச் சரியென்றால் சரி. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு கேமராதானே? சுகந்தியின் வாழ்க்கையை என் கண்ணால் பார்த்து நான் முடிவு சொல்வது.

என் வாழ்நாளில் நான் பேசின பெரிய பேச்சு அதுதான்.  "எனக்கு உங்க எல்லாரையும் பிடிச்சிருக்கு. ஆனா இந்த இலையில நான் உக்கார மாட்டேன். சுகந்தி வரட்டும். அவளே வந்து வீட்டைப் பாக்கட்டும். பிடிச்சா அவளே கை நனைக்கட்டும்" என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற வழக்கம் நம்மிடம் இல்லை.  பெரியவன், "அதெப்படி, ஊரு என்ன சொல்லும்?" என்றான். மாப்பிள்ளைப் பையன் அண்ணனைப் பார்த்து, "வரட்டும்ணே. அவ பாக்காம வேற யாரு பாக்கது?" என்றான். இந்தத் தடவை போனில் இல்லை, நேருக்கு நேர்.

சம்பந்தியம்மா இலையை அவரே சுருட்டி எடுத்தார். "பஸ்லயே வரச் சொல்லுங்க அக்கா. நான் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன். நடந்தே."

ஊருக்கு வந்து சொன்னேன். தம்பி ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு, போகிறதானால் குடை எடுத்துக்கொள்ளச் சொல் என்றான்.

நான் எழுதினதில் தப்பு இருக்கும். கேமரா எத்தனை இடத்தில் என்பதை எண்ணவில்லை. நடை சாத்துகிற நேரமும் கடைத்தெருவின் பேரும் நினைவில்லை. அந்த வீட்டுக் கேட் இப்போது பகலில் திறந்திருக்கிறதா, மகேஸ்வரி வண்டியை எடுத்தாளா என்பதும் எனக்குத் தெரியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுகந்தி தனியாகப் போகிறாள். அவள் திரும்பி வந்த பிறகு, மலரை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால், யாராவது இதை அவளிடம் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். நான் எழுதினதும் அவள் பார்த்து வந்ததும் ஒத்துப்போகாவிட்டால், என்னுடையதை அடித்துவிட்டு அவள் சொல்வதைப் போடுங்கள்.